ஏழாம் நம்பர் வந்தாச்சு

அத்தியாயம் 14

ஆறு புள்ளி இரண்டு. நேற்று மதியம் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மகள் கம்ப்யூட்டர் திரையை அவசரமாக மூடினாள். பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின், அம்மாவுக்கு ஆறு புள்ளி இரண்டு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாலு வருடமாக ஊரார் ரத்தத்தையெல்லாம் குலுக்கிப் பார்க்கிறவளுக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த உடம்பு மாடிப்படி ஏறுவதே அதிகம்.

தெரிந்தும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கழியட்டும், அம்மா மலைக்குப் போய்விட்டு வரட்டும், சாயங்காலம் பக்குவமாகச் சொல்லலாம் என்று ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பையின் உள் ஜிப்புக்குள் வைத்துவிட்டாள். சனிக்கிழமை சொல்லியிருந்தால் அப்பா அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பார். ‘பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்’ என்று இனி ஒரு ஞாயிறும் அம்மா வாசலைத் தாண்ட முடியாமல் செய்துவிடுவார்.

அப்பாவையும் குறை சொல்லிப் பயனில்லை. முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஆறு மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றார். தினமும் ஐந்நூறு பேரை ஏற்றி இறக்கியவருக்கு இப்போது வீட்டில் மிஞ்சிய பயணிகள் இரண்டே பேர். அவர்களும் சொன்ன இடத்தில் ஏறி, சொன்ன இடத்தில் இறங்குவதில்லை என்பதுதான் அவருடைய மனக்குறை.

அம்மாவோ தையல் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள். காலர் பிரிவில் பன்னிரண்டு மெஷின், பன்னிரண்டு பெண்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஒரு வேன் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எந்தச் சாமி, எந்த மதம் என்ற பேச்செல்லாம் அவர்களிடம் கிடையாது. மலை இருக்க வேண்டும், மேலே கும்பிட ஏதாவது இருக்க வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

இன்று போனது தொள்ளாயிரம் படி உள்ள மலை. அந்த எண்ணிக்கை மகளுக்கு மதியம்தான் தெரிந்தது. செல்போனில் சும்மா தேடிப் பார்த்தாள். பார்த்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு அம்மாவுக்கு போன் போட்டாள். ரொம்ப நேரம் அடித்துவிட்டு எடுத்தது அம்மா இல்லை, ரேடியோ சித்தி.

எட்டாம் நம்பர் மெஷின்காரி. மெஷின் நின்றாலும் வாய் நிற்காது என்பதால் அந்தப் பெயர். அம்மாவின் ஏழாம் நம்பர் மெஷினுக்குப் பக்கத்து மெஷின். இருவரும் ஆறு வருடச் சிநேகிதம்.

“அம்மாவோட பை எங்கிட்ட இருக்கும்மா. அதான் எடுத்தேன். இறங்கிட்டோம், பாதி தூரம் வந்தாச்சு.”

“அம்மாகிட்ட குடுங்க சித்தி.”

“தூங்குறாம்மா. கடைசி சீட்டுல போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கா. வண்டி கிளம்பினதுலேருந்து ஒரே தூக்கம்.”

“எவ்வளவு நேரமா?”

“ஒரு மணி நேரம் இருக்கும்.”

“மூச்சு வருதான்னு பாருங்க.”

“என்னடி பேச்சு இது? வாயில நல்ல வார்த்தையே வராதா?”

“எழுப்புங்க சித்தி.”

“பாவம், தூங்கட்டுமே. அவளுக்கு இந்த ஒரு நாள்தான் தூக்கம்.”

“எழுப்புங்கன்னு சொல்றேன்.”

முணுமுணுத்துக்கொண்டே ரேடியோ எழுந்து போவது கேட்டது. வேனின் பாட்டுச் சத்தம், யாரோ சிரிப்பது, ‘கொஞ்சம் நகருடி’ என்ற குரல். பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. கடைசியாகப் பாட்டும் நின்றது. அந்த அமைதியை மகள் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போர்வைக்குள்ள பைங்கதாம்மா இருக்கு” என்றாள் ரேடியோ.

நடந்தது இதுதான். வேன் கிளம்பும் முன்பு ஆள் எண்ணுவது வழக்கம். பெயர் கூப்பிட மாட்டார்கள், மெஷின் நம்பர்தான். தொழிற்சாலையில் காலை எட்டு மணிக்கு சூப்பர்வைசர் நம்பரை வாசிப்பார். ஒருத்தி பஸ்ஸை விட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருப்பாள், இன்னொருத்தி கழிப்பறையில் இருப்பாள். அந்த நேரத்தில் பக்கத்து மெஷின்காரி குரலைக் கொஞ்சம் மாற்றி ‘வந்தாச்சு’ என்று சொல்லிவிடுவாள். ஏழுக்கு எட்டு சொல்லும், எட்டுக்கு ஏழு சொல்லும். அப்படித்தான் அந்தப் பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றி வந்தார்கள். வேனிலும் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. ஏழு, வந்தாச்சு.

மகள் கூடத்துக்கு வந்தாள். அப்பா தரையில் உட்கார்ந்து மேஜை விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, அம்மாவை மலையிலயே விட்டுட்டு வந்துட்டாங்க.”

“யாரை?”

“அம்மாவை.”

அவர் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே எழுந்து போய்ச் சட்டையை மாட்டினார். பித்தான் மேலும் கீழுமாக ஏறியது. எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனிடம் போய் என்ன சொன்னாரோ, மூன்று நிமிடத்தில் அவருடைய சின்ன லோடு வண்டி வாசலில் நின்றது. பின்னால் ஒயர் சுருளும் ஏணியும் அப்படியே கிடந்தன.

ஒன்றரை மணி நேரப் பாதை. அப்பாதான் ஓட்டினார். யாராவது முந்திக்கொண்டு போனால் அவனுடைய பரம்பரையையே விசாரிக்கிற மனிதர், இன்று ஒரு பைக் உரசிக்கொண்டு போனபோதும் பேசாமல் இருந்தார். அதுவே மகளுக்கு பயமாக இருந்தது.

ரேடியோ இரண்டு முறை கூப்பிட்டாள். வேனைத் திருப்பிக்கொண்டு மலையடிவாரத்துக்கே போய்விட்டார்கள், கழிப்பறை, டீக்கடை எல்லாம் பார்த்தாகிவிட்டது, காணோம். நாலு பேர் படியேறித் தேடுகிறார்கள். மேலிருந்து பனிமூட்டம் இறங்குகிறது.

‘காணோம்’ என்ற சொல்லைக் கேட்டதும் மகளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“அப்பா, ஒண்ணு சொல்லணும். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல.”

“என்ன?”

“ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. பாதிதான் இருக்கு. படியேறினா மயக்கம் வரும். நெஞ்சு…” அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“நேத்து மதியம்.”

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்து, வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அப்பாவின் கை வியர்த்து அவள் பார்த்ததில்லை.

“காலைல கிளம்புறப்ப,” என்றார், “நான் ஒண்ணு சொன்னேன் பாப்பா. நீ குளிச்சுக்கிட்டிருந்த. போறவ அப்படியே போயிடு, திரும்பி வரணும்னு அவசியமில்லன்னு சொன்னேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா.”

வண்டி மறுபடி கிளம்பியது. ஏற்றம் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவாக வந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. வளைவுக்கு வளைவு மூன்று முறை ஹாரன் அடிப்பது அப்பாவின் வழக்கம். இன்று அடிக்க மறந்து, எதிரே வந்த லாரிக்காரன் அலறியபோதுதான் நினைவு வந்து அடித்தார். மகள் பள்ளத்தின் பக்கமே பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே ஏதாவது தெரிந்துவிடுமோ என்று பயம்.

மலையடிவாரத்தில் வேன் நின்றிருந்தது. பக்கத்தில் எட்டுப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். எப்போதும் ஒரே நேரத்தில் பேசுகிற கூட்டம், அவர்களைப் பார்த்ததும் வழிவிட்டு விலகியது. மேலே தேடப்போன நாலு பேரும் பாதி வழியில் இருக்கிற மண்டபம்வரை போய்விட்டு வந்திருந்தார்கள். அதற்குமேல் பனிமூட்டத்தில் படியே தெரியவில்லையாம்.

மகள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். எட்டும் நாலும் பன்னிரண்டு. ஒரு நொடி உயிர் வந்தது. அந்தப் பன்னிரண்டில் ஒன்று வேன் டிரைவரின் மனைவி என்று தெரிந்ததும் வந்த உயிர் போய்விட்டது.

ரேடியோ சித்தி டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“அண்ணே, நான்தான் சொன்னேன். ஏழு வந்தாச்சுன்னு நான்தான் சொன்னேன். போர்வையைப் பார்த்தேன், அவதான்னு நெனச்சேன். என்னை அடிங்கண்ணே.”

அப்பா அவளை ஒருமுறை பார்த்தார். படி தொடங்கும் இடத்துக்கு நடந்தார். அங்கே ஒரு காவலாளி இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

“நாலு மணியாச்சுங்க. இதுக்கு மேல யாரையும் விடக் கூடாது. மேகம் இறங்கிடுச்சு.”

“தம்பி, என் வீட்டுக்காரி மேல இருக்கா.”

“மேல யாரும் இல்லைங்க. எல்லாரும் இறங்கியாச்சு.”

“நீங்க எண்ணினீங்களா?” என்றாள் மகள்.

காவலாளி தடுமாறினார். ஏறுகிறவர்களைத்தான் எண்ணுவார்களாம், இறங்குகிறவர்களை எண்ணுகிற வழக்கமில்லையாம். அதற்குள் பக்கத்து டீக்கடைப் பெண் குரல் கொடுத்தாள். ஒரு மணி தாண்டி, பழுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா தனியாக மறுபடி ஏறிப்போனதைப் பார்த்தாளாம். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும்தான் இருந்ததாம்.

“இறங்கினதைப் பார்த்தீங்களா?” என்றாள் மகள்.

“ஏறினதைத்தான் பார்த்தேன். இறங்கினதைப் பார்க்கல.”

பழுப்பு ஸ்வெட்டர் அம்மாவுடையது. வழி தவறவில்லை, யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. தன் காலால், தானே, மறுபடி மேலே போயிருக்கிறாள். எதற்காக என்று அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் சொன்ன சொல் இருவருக்கும் நடுவில் நின்றது. உச்சியில் கோயிலுக்குப் பின்னால் பாறை செங்குத்தாக இறங்குகிறது என்று மதியம் செல்போனில் பார்த்தது மகளின் நினைவுக்கு வந்தது.

காவலாளி கதவைத் திறந்துவிட்டார். தொலைபேசியில் யாரையோ கூப்பிட்டு ஸ்ட்ரெச்சர் எடுத்து வரச் சொன்னார்.

முதல் நூறு படி ஓட்டமும் நடையுமாகப் போயிற்று. பிறகு அப்பாவின் முழங்கால் மக்கர் செய்தது. கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினார். மண்டபத்தைத் தாண்டியதும் வெள்ளையாக மேகம் வந்து மூடிக்கொண்டது. பத்துப் படிக்கு மேல் கண் எட்டவில்லை. படிகளில் ஈரம் கசிந்து வழுக்கியது.

“கூப்பிடுங்கப்பா.”

“இந்தா,” என்று கத்தினார் அப்பா. “இந்தா… இந்தாம்மா…”

முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் மனைவியைக் கூப்பிட்ட பெயர் அதுதான். அடுக்களையிலிருந்து கூடம்வரைக்கும் அது போதுமானதாக இருந்தது. மலையில் அது யாரையும் போய்ச் சேரவில்லை.

“பேர் சொல்லிக் கூப்பிடுங்க.”

அவர் நின்றார். வாயைத் திறந்து மூடினார். பிறகு மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். குரல் உடைந்தது. இன்னொரு முறை கத்தினார். மகள் சேர்ந்து “அம்மா” என்று கத்தினாள்.

பதில் இல்லை. அறுநூறாவது படி இருக்கும், எழுநூறு இருக்கும், எண்ணிக்கை விட்டுப்போயிற்று. காது அடைத்தது. தன் மூச்சே யாரோ பின்னால் வருவதுபோலக் கேட்டது. அப்பா மறுபடி பெயரைச் சொன்னபோது, மேலேயிருந்து டங், டங் என்று ஒரு சத்தம். இரும்புக் கைப்பிடியில் எதையோ தட்டுகிறார்கள்.

வளைவைத் தாண்டி ஓடினாள் மகள். அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். தோள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்திருந்தது. கையில் ஸ்டீல் தண்ணீர் பாட்டில், காலி.

“வந்துட்டியா,” என்றாள். உதடு வெளுத்திருந்தது.

மகள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி ஓட்டமாய் ஓடியது. நூற்று முப்பதுக்கு மேல். அம்மாவின் கை சில்லென்றிருந்தது. தன் துப்பட்டாவை எடுத்து அவளைச் சுற்றிப் போர்த்தினாள். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதாள்.

அப்பா இரண்டு படி கீழேயே நின்றுவிட்டார். மேலே வர அவருக்கு தைரியம் இல்லை.

“ஏம்மா வண்டியில ஏறல?” என்றாள் மகள்.

“பக்கத்துலதான் இருந்தேன்.” ஒவ்வொரு சொல்லுக்கும் அம்மாவுக்கு மூச்சு வேண்டியிருந்தது. “பாத்ரூம் போயிட்டு வந்தேன். வண்டிக்குப் பின்னால நிக்குறேன். எண்ணிக்கிட்டிருந்தாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஏழு வந்தாச்சுன்னு அவ சொல்லிட்டா.”

“ஒரு சத்தம் போட்டிருக்கலாமே.”

“போட்டிருக்கலாம். எல்லாரும் சரின்னு கதவைச் சாத்தினாங்க. நான் இல்லாமலே நான் வந்தாச்சு. ஒரு மாதிரி ஆயிடுச்சு எனக்கு. வீட்டுல யாராவது வந்து டீ வேணுமான்னு கேட்டாக்கூட, அவளுக்கு வேணாம்னு உங்கப்பாதான் சொல்லுவார். சரி, இப்ப யாரும் என்னைத் தேடலையே, மேல போய்ப் பார்த்துட்டு வருவோம்னு போயிட்டேன். எல்லா மலையிலயும் நான் பாதியில உட்கார்ந்து பையைப் பார்த்துக்கிட்டவ. இன்னைக்குப் போய்ப் பார்த்துட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. இறங்குறப்பதான் கால் வரல. மேகம் வந்து மூடினதும் பயந்துட்டேன். ரொம்பப் பயந்துட்டேன்டி.”

“காலைல நான் சொன்னது…” என்று தொடங்கினார் அப்பா.

“அதுக்குப் பதில் சொல்ல இப்ப எனக்குத் தெம்பு இல்லைங்க.”

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மகளுக்குத் தன் கணக்கு பாக்கி இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது. “அம்மா, நேத்தே உன் ரிப்போர்ட் வந்துடுச்சு. ஆறு புள்ளி ரெண்டு. உடனே ஆஸ்பத்திரி போகணும். சொன்னா அப்பா உன்னை மலைக்கு விடமாட்டார்னு நான்தான் மறைச்சேன். உன் நல்லதுக்குன்னு நெனச்சேன்.”

அம்மா அவளை நிதானமாகப் பார்த்தாள். கோபம் தெரியவில்லை. கோபப்படுகிற அளவுக்கு அந்த முகத்தில் ரத்தமும் இல்லை.

“என் ரத்தம்தானே,” என்றாள். “எங்கிட்ட சொல்ல வேணாமா?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ரேடியோ செய்ததைத்தான் தானும் செய்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. தன்னை அடிக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கீழேயிருந்து பேச்சுக் குரல் வந்தது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் மேகத்தைப் பிளந்துகொண்டு ஏறி வந்தார்கள். மூத்தவர் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்பாவிடம் திரும்பினார்.

“ஐயா, சீக்கிரம் முடிவு சொல்லணும். இப்பவே கட்டித் தூக்கிட்டு இறங்கலாம். ஆனா படி வழுக்குது, ஆடாம இறக்க முடியாது, ஒண்ணரை மணி நேரம் ஆகும். இல்லைன்னா மேல கோயில் பக்கத்துல ஒரு அறை இருக்கு, கணப்பு இருக்கு. அங்க படுக்க வச்சா, நர்ஸ் மருந்தோட ஏறி வருவாங்க. மேகம் கலைஞ்சதும் இறக்கலாம். ரெண்டுலயும் ஆபத்து இருக்கு. என்ன செய்யலாம்?”

அப்பா வாயைத் திறந்தார். அதே நொடியில் மகளும் திறந்தாள். இருவரிடமும் பதில் தயாராக இருந்தது, இரண்டும் வேறு வேறு பதில்.

அப்பா முதலில் வாயை மூடினார். “அவகிட்ட கேளுங்க,” என்றார்.

மூத்தவர் குனிந்தார். “அம்மா, உங்களைத்தான். இறங்கலாமா, மேல போகலாமா?”

யாரும் குறுக்கே பேசவில்லை. அப்பா மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மணிக்கட்டைப் பிடித்தபடி காத்திருந்தாள். அம்மாவின் கண்கள் பாதி மூடியிருந்தன. யோசிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

“அம்மா,” என்று மூத்தவர் இன்னொரு முறை கேட்டார்.

பதில் வரவில்லை. மகள் விரலைச் சற்று நகர்த்தி வைத்தாள். மறுபடி நகர்த்தி, இன்னும் அழுத்தி, நாடியைத் தேடினாள்.